அறுபது மில்லி

வாசுண்ணி கொண்டுவந்தது ஒரு யானையின் காது.
காது இல்லை, காதாகப் போகிற ஃபோம் பலகை.
அறுபது மில்லி கனம், சாம்பல் நிறம்.
டெம்போவில் கயிறு போட்டுக் கட்டி
வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டி வந்திருந்தது.
என்ன சரக்கு என்று கேட்டவர்களிடம்
"ஆனச்செவி" என்றாராம்.
சிரித்து, விட்டுவிட்டார்கள்.

கொழிஞ்சாம்பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு கோயில்.
போன உற்சவத்தில் வாடகை யானை
செண்டைச் சத்தம் பொறுக்காமல்
யாரோ ஒருவரின் வாழைத்தோப்பில் இறங்கிவிட்டது.
இந்த வருஷம் இரும்பு எலும்பு, ரப்பர் தோல்,
வைப்பர் மோட்டாரில் ஆடுகிற காது.
"லேசர்தானே, கம்ப்யூட்டரில் போட்டு
ஒரு அமுக்கு அமுக்கினால் ஆச்சு."

எல்லாரும் அப்படித்தான் வருகிறார்கள்,
ஒளி நேர்கோட்டில் போகும் என்று
ஆறாம் வகுப்பில் படித்ததை நம்பி.
என் மெஷினுக்குள் அது உடுக்கை.
மேலே அகலம், இடுப்பில் ஒரு புள்ளி,
கீழே மறுபடி அகலம்.
அந்த இடுப்பு இருக்கிற இடத்தில்தான்
என் பிழைப்பு.

மூன்று மில்லி அக்ரிலிக்கா, நின்று வாங்கிப் போ.
பத்தா, டீ குடித்துவிட்டு வா.
இருபத்தைந்தா, ஓரம் சாயும்,
சாய்ந்ததற்குச் சண்டை போடக் கூடாது.
பி.வி.சி. பலகையை வாசலிலேயே நிறுத்திவிடுவேன்;
அதன் புகை முதலில் ரெயிலைத் தின்னும்,
பிறகு சபுராவின் நெஞ்சை.
கண்ணாடித்தாளும் தோலும் மரமும்
கேட்ட பேச்சைக் கேட்கும்.
ஃபோம் கேட்காது.
அது அறுபடுவதே இல்லை.
சூடு கிட்டே வருமுன்
வட்டிக்காரனைத் தெருமுனையில் பார்த்தவன் மாதிரி
உள்ளுக்குள் ஒதுங்கிக்கொள்ளும்.

சொன்னேன். கேட்கவில்லை.
சபுரா நாலங்குல லென்ஸை மாட்டினாள்.
காற்றுக் குழாயைத் திருகி வைத்தாள்,
தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டாள்.
முதல் ஓட்டம் அழகு:
பென்சில் கோடு மாதிரி ஒரு காது.
படுக்கையை ஏற்றி இரண்டாவது.
வாசுண்ணி போனில் படம் பிடித்தார்.
மூன்றாவது ஓட்டத்தில் பள்ளத்துக்குள்ளிருந்து
நீலமாய் ஒரு நாக்கு எட்டிப்பார்த்தது.
சபுரா பீய்ச்சினாள். நான் பட்டனைத் தட்டினேன்.
மூன்று பேரும் இருமினோம்.

இருபத்திரண்டு மில்லி. அதற்குக் கீழே
வெளிச்சம் வெறும் வெந்நீர்.

எதிர்க் கடை பேக்கரியில்
ரொட்டி அறுக்கிற கத்தியை இரவல் கேட்டேன்.
பிளம் கேக் வாசனையோடு வந்தது.
மிச்சத்தை நான் அறுத்தேன்,
கோடு போன வழியே, மூச்சைப் பிடித்துக்கொண்டு,
சபுரா மறுமுனையைத் தாங்க.
மேல்விளிம்பு வரைபடத்துக்கு அச்சு.
கீழ்விளிம்பு ஒன்பது மில்லி குறைவு.
நடுவில் உருகி இறுகிய சரிவு ஒன்று,
மெழுகு வழிந்தது போல.

பணம் போச்சு என்று நினைத்தேன்.
வாசுண்ணி அந்தச் சரிவின்மேல்
கட்டைவிரலை மெல்ல ஓட்டினார்.
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை.
பிறகு திரும்பவும்.
"ஓரம் மெலிஞ்சுதான் இருக்கும்,
நிஜத்துக்கும்" என்றார்.
மூன்று வருஷம் பாகனுக்குக் கூடமாட இருந்தவராம்,
அதுவரை சொல்லவே இல்லை.

டெம்போவில் இன்னொரு பலகை இருந்தது.
"இடது காதும் இதே மாதிரி வேணும்.
இந்தச் சரிவு. இப்படியே."

சரியான ஒன்றை ஆயிரம் தடவை
தூங்கிக்கொண்டே செய்யும் என் மெஷின்.
தப்பான ஒன்றை இரண்டாம் தடவை
அப்படியே செய்யச் சொல்லி
இதுவரை யாரும் கேட்டதில்லை.
எந்த வேகம், எத்தனை சதவீதம்,
எத்தனையாவது நொடியில் தீப்பிடித்தது?
சபுரா என்னைப் பார்த்தாள்,
நான் பாட்டிலைப் பார்த்தேன்.

மத்தியானம் மூன்றரைக்குக் கரண்ட் போனது.
ஐந்துக்கு வந்தது.
ஏழரை மணிக்கு இரண்டு காதுகளும்
கயிற்றுக்குள் ஆடியபடி எல்லை தாண்டின,
ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் கருகலாய்.
இருநூறு ரூபாய் பாக்கி, உற்சவம் முடிந்து தருவார்.

சுவரில் அளவு எழுதுகிற இடத்தில்
சபுரா பென்சிலால் சேர்த்திருக்கிறாள்:
ஃபோம் அறுபது. ஒளி இருபத்திரண்டு வரை.
மீதி ரொட்டிக்கத்தி.
யானை என்றால் மட்டும்.